அம்மாளை இறக்கின சிவப்பு ஊசி

நோய் வருத்தத்திலையிருந்து எழும்பினவை கனபேர், எல்லாரையும் மன்னிச்சிட்டம் எண்டு சொல்லுவினம். சாவைக் கிட்ட நிண்டு பார்த்தால் மனம் கனிஞ்சுபோகுமாம். எனக்கு ஒரு கோதாரியும் கனியேல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடந்த அவ்வளவு நாளும் நான் ஒரு மனுசனைத்தான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான். பாசத்திலை இல்லை, கறுவத்திலை.

அந்த மனுசன் என்ர அக்காவின்ரை புருசன். அக்காவும் பிள்ளையளும் அப்ப யாழ்ப்பாணத்திலை. அத்தான் மட்டும் எண்பதுகளின்ரை துவக்கத்திலையே சுவிஸிலை டாவோஸ் எண்ட மலையூருக்கு வந்து, ஹொட்டல் குசினியிலை கோப்பை கழுவி, டொச்சு எண்ட ஜெர்மன் பாசை பழகி, பின்னாலை வந்த எங்களுக்கெல்லாம் வாயும் காதும் அவர்தான் எண்டமாதிரி இருந்தவர். பொலிசுக்குப் போறதெண்டாலும் அவர், டொக்டரிட்டைப் போறதெண்டாலும் அவர். என்னையும் என்ர மனுசனையும் இஞ்சை கூப்பிட்டு விட்டதும் அவர்தான். அந்த நன்றியை நான் மறக்கேல்லை. மற்றதையும் மறக்கேல்லை.

நான் அந்த ஹொட்டலின்ரை சலவைப் பகுதியிலை வேலை. படுக்கை விரிப்புகளைத் தோய்ச்சு, காய்ஞ்சதும் உருளை மெசினுக்குள்ளை விட்டு மடிக்கிறது. முதல் வருத்தம் வந்தது காலிலை இல்லை, நாக்கிலை. ஒருநாள் இடிச்ச சம்பலோடை பாண் சாப்பிட்டால், வாய் பத்தியெரிஞ்சுது. நான் பச்சைமிளகாயைக் கடிச்சுக்கொண்டு சோறு தின்னுற ஆள். கண்ணாடியிலை பார்த்தன், நாக்கு தோலுரிச்சமாதிரி சிவந்து, வழுவழுவெண்டு மினுங்குது. பக்கத்து அறையளிலை இருந்த எங்கடை ஆக்கள், "பவளம் சுவிஸ்காரி ஆயிட்டாள், இனி அவளுக்கு வெண்ணெய்யும் பாலாடைக்கட்டியும்தான்" எண்டு பகிடி பண்ணிச்சினம். நானும் சேர்ந்து சிரிச்சன்.

பேந்து படியேற மூச்சு வாங்கினது. "இது மலையல்லோ, காத்து மெல்லிசு, எல்லாருக்கும் அப்பிடித்தான்" எண்டிச்சினம். முகம் மஞ்சளா வெளிறினது. "வெயில் இல்லைத்தானே." மாரியிலை ரோட்டிலை விழுந்தன், எழும்பினன், திரும்ப விழுந்தன். "பனிக்குப் புதுசு, சப்பாத்தை மாத்து." ஊரிலை எண்டால் ஒரு ஆளுக்கு இத்தினை நடந்தால் நாலு பேர் கூடி யோசிச்சிருப்பினம். இஞ்சை ஒவ்வொண்டுக்கும் அந்த மலை ஒரு நல்ல சாட்டு வைச்சிருந்தது.

ஆனால் எனக்குத் தெரியும். உள்ளங்காலிலை ஆரோ பஞ்சைச் சுத்திக் கட்டிவிட்டமாதிரி. நிலத்திலை மிதிக்கிறன், நிலம் தெரியேல்லை. விரல் நுனியளிலை எறும்பு ஊர்ற மாதிரி நெடுக ஒரு குறுகுறுப்பு.

அத்தான்தான் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனவர். டாவோஸிலையே இருந்த ஒரு வயசான டொக்டர். அந்தாளுக்கு டொச்சைத் தவிர வேறை பாசை வராது. எனக்கு அப்ப டொச்சிலை 'வணக்கமும்' 'நன்றியும்' மட்டும். நான் தமிழிலை ஒவ்வொண்டா அத்தானிட்டைச் சொன்னன். களைப்பு, நாக்கு எரிவு, மூச்சு வாங்கிறது எல்லாம் சொல்லிப்போட்டு, "முக்கியமா கால் விறைக்குது எண்டு சொல்லுங்கோ அத்தான். பஞ்சு சுத்தினமாதிரி. நிக்க ஏலாமல் கிடக்கு" எண்டன்.

அத்தான் டொச்சிலை நாலு வசனம் கதைச்சார். டொக்டர் என்ர கண்ணிமையைக் கீழை இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், நான் மச்சம் சாப்பிடுறனானோ எண்டு கேட்டார். இல்லை எண்டோடனை "ஆ!" எண்டு தலையை ஆட்டினார். எல்லாம் விளங்கிப்போச்சு அவருக்கு. சைவக்காரி, ரத்தம் குறைவு, அவ்வளவுதான். இரும்புச்சத்துக் குளிசையும் ஃபோலிக் அசிட் எண்டு இன்னொரு குளிசையும் எழுதித் தந்து, ஈரல் சாப்பிடச் சொல்லு எண்டார். ஈரல் எண்டோடனை அத்தானின்ரை முகம் சுருங்கினது இப்பவும் எனக்கு நினைவிருக்கு.

என்ர காலை டொக்டர் தொட்டுக்கூடப் பார்க்கேல்லை. வெளியிலை வந்து கேட்டன்.

"கால் விறைப்பைச் சொன்னனீங்களோ?"

"உது பனிக்கு எல்லாருக்கும் வாறதுதானே. உதைப் போய் நரம்பு கிரம்பு எண்டு சொன்னால், வருத்தக்காரி எண்டு எழுதிப்போடுவாங்கள். பேந்து விசாவிலை கை வைப்பாங்கள். உனக்கு ஏன் உந்தக் கரைச்சல்?"

அவர் அதைச் சொல்லேல்லை. ஒரே ஒரு வசனம். அதைத்தான் நான் இண்டைக்கும் நெஞ்சுக்குள்ளை வைச்சுக் காய்ஞ்சுகொண்டிருக்கிறன்.

குளிசையிலை ரத்தம் ஏறினது உண்மை. திரும்பப் போகேக்கை டொக்டர் கை குடுத்தார், சுகம் எண்டார். பேந்துதான் எனக்கு விளங்கினது, அந்த ஃபோலிக் குளிசை ரத்தத்தை மட்டும் பூசி மினுக்கிவிடுமாம், உள்ளுக்கை நரம்பு கருகிறது கருகிக்கொண்டே இருக்குமாம். உக்கின சுவருக்கு வெள்ளையடிச்ச கதை. முகத்திலை சிவப்பு வந்தோடனை, நான் வேலைக்குக் கள்ளமடிக்கிறன் எண்டு சலவைப் பகுதியிலை கதைக்கத் துவங்கிச்சினம்.

பனி உருகினது. ரோட்டு காய்ஞ்சு வெளிச்சிட்டுது. நான் விழுந்துகொண்டுதான் இருந்தன். ஒருநாள் முகத்துக்குச் சவுக்காரம் போட்டுக்கொண்டு கண்ணை மூடினன், அடுத்த நிமிசம் நெத்தி தொட்டியின்ரை விளிம்பிலை. கண் திறந்திருந்தால் காலைப் பார்த்துப் பார்த்து நடந்துபோடுவன். கண்ணை மூடினால் கால் ரெண்டும் எங்கை கிடக்கெண்டு எனக்கே தெரியாது.

இனித்தான் பெரிய கூத்து.

வெள்ளிக்கிழமையிலை அத்தானின்ரை அறையிலை பூசை. அலுமாரிக்கு மேலை சாமிப்படங்கள், அதிலை நடுவிலை அம்மாளின்ரை படம், அம்மனை நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது. வேலை முடிஞ்ச ஆக்கள் வந்து ஒரு தேவாரம் பாடி, கற்பூரம் கொளுத்தி, விபூதி பூசிக்கொண்டு போவினம். அந்த வெள்ளியிலை நான் கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடினன். சும்மா கும்பிடத்தானே மூடுறது! உடம்பு முன்னுக்கும் பின்னுக்கும் சரிஞ்சுது. விழாமல் நிக்கப் பாடுபட்டன். காலை எறிஞ்சு, கையை வீசி, தலைமயிர் குலைஞ்சு...

"அம்மாளாச்சி!" எண்டு அத்தான் குளறினார். "பவளத்துக்குக் கலை வந்திட்டுது, சாமி ஆடுறாள்!"

ரெண்டு பேர் என்னைப் பிடிச்சினம். அத்தான் நெத்தி நிறைய விபூதியைப் பூசிப்போட்டு, "தாயே, எங்கடை அகதிக் கேசுகளுக்கு நல்ல முடிவு கிடைக்குமோ?" எண்டு கேட்டார். நான் "விடுங்கோ, விடுங்கோ" எண்டன். "அம்மாள் விடுதலை எண்டு சொல்லுறா" எண்டு அவர் மற்றவைக்கு விளங்கப்படுத்தினார். என்ர வாயிலை வந்ததை மாத்திறதிலை அந்த மனுசனுக்குப் பாசை வித்தியாசமே இல்லை. டொச்சும் ஒண்டு, அம்மாளின்ரை பாசையும் ஒண்டு.

அண்டைக்கே நான் அவரிட்டைச் சொன்னன். "அத்தான், எனக்கு ஒரு சாமியும் வரேல்லை. கண்ணை மூடினால் நிக்க ஏலாமல் கிடக்கு. திரும்ப டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"வந்தவைக்குத் தெரியாது பவளம், வந்ததெண்டு."

"என்ர கால் எனக்குத் தெரியாதோ?"

"சாமி வாற உடம்பு. ஊசி கீசி குத்தினால் இறங்கிப் போயிடுவா. அகதியா வந்த சனத்துக்கு ஒரு ஆறுதல் கிடைச்சிருக்கு. நீ அதைக் கெடுத்துப் போடாதை."

ஆடினாலும் அம்மாள், ஆடாட்டி அம்மாள் கோவிச்சிட்டா. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடான் எண்டு சும்மாவோ சொன்னவை.

கதை ரெயினிலை போனமாதிரிப் பரவிச்சுது. ஓல்டன், சோலோதுர்ன் எண்ட தூர ஊர்களிலையிருந்தெல்லாம் எங்கடை சனம் வந்தது. வெள்ளியிலை அந்த அறை கொள்ளாது. நான் போகமாட்டன் எண்டால் என்ர மனுசன், "ஒரு நாளைக்குத்தானே, கூப்பிட்டு விட்ட மனுசனை எப்பிடி எடுத்தெறியிறது" எண்டு கெஞ்சுவார். இவருக்கு அத்தானிலை பயம். நல்ல மனுசன்தான், ஆனால் அப்ப முதுகெலும்பு கொஞ்சம் வளைவு.

ஓல்டனிலையிருந்து வந்த ஒரு அம்மாவை என்னாலை மறக்க ஏலாது. அவவின்ரை மகனை ஊரிலை ஆமி பிடிச்சுக்கொண்டு போய், இருக்கிறானோ இல்லையோ தெரியாது. அவ என்ர ரெண்டு காலையும் கட்டிப் பிடிச்சுக்கொண்டு, "என்ர பிள்ளை இருக்கிறானோ தாயே" எண்டு அழுதா. நான் கீழை குனிஞ்சு பார்த்தன். அவவின்ரை கண்ணீர் என்ர பாதத்திலை விழுந்து வடியுது. எனக்குத் தெரியேல்லை. பார்த்துத்தான் தெரிஞ்சது, ஈரம் எண்டு. நான் வாயைத் திறக்க முதல் அத்தான், "இருக்கிறானாம், வருவானாம்" எண்டிட்டார்.

அதோடை எனக்கு அந்த மனுசனிலை இருந்த மிச்ச மரியாதையும் போச்சு.

ஒரு கிழமை கழிச்சு, குளிருக்குக் காலடியிலை சுடுதண்ணிப் பை வைச்சுக்கொண்டு படுத்தனான். காலமை இவர் என்ர காலுறையைக் கழட்டினவர், அப்பிடியே இருந்திட்டார். பாதம் முழுக்கக் கொப்புளம். தோல் காலுறையோடை வந்திட்டுது. நான் நிம்மதியாத் தூங்கி எழும்பியிருக்கிறன்.

"நோகேல்லையோ?" எண்டு கேட்டார்.

"என்ன நோகிறது?" எண்டன் நான்.

என்ர மனுசன் அழுததை நான் அண்டைக்குத்தான் முதல் பார்த்தன். முகத்தைத் துடைச்சுக்கொண்டு அத்தானின்ரை கதவைப் போய்த் தட்டினார். "அண்ணை, அம்மாள் எண்டால் வெந்தது தெரியாமல் போகுமோ? நான் இவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்" எண்டார். "நான் வராமல் என்னெண்டு கதைப்பாய்?" எண்டு அத்தான் கேட்டாராம். "கதைக்காட்டிப் பரவாயில்லை, காலைக் காட்டுவம்" எண்டிட்டு வந்திட்டார். வளைஞ்ச முதுகெலும்பு அந்தக் காலமை நிமிர்ந்தது.

ரெயினிலை மலையிறங்கிப் போனம். ஆஸ்பத்திரி விறாந்தையிலை கதிரையள் வரிசையா. சுவிஸ்காரர் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்காமல் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருக்கினம். ஒவ்வொரு முறை கதவு திறக்கிறபோதும் நான் என்ர காலைப் பார்ப்பன். காலை எடுத்துப்போடுவினமோ? ஊருக்கு அனுப்பிப்போடுவினமோ? இவர் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தார். ஆம்பிளை ஒருத்தர் நாலு பேருக்கு முன்னாலை பொஞ்சாதியின்ரை கையைப் பிடிக்கிறதை எங்கடை ஊரிலை ஆர் கண்டது!

எங்களைப் பார்த்தது ஒரு இளம் பொம்பிளை டொக்டர். இங்கிலிஷ் கதைச்சவ. எனக்குப் பள்ளிக்கூட இங்கிலிஷ் இருந்தது. கடவுளே, ஒரு ஆளோடை நேரை கதைக்கக் கிடைச்சால் எவ்வளவு சுகம்! நான் சொல்லுறன், அவ கேக்கிறா, நடுவிலை ஆருமில்லை.

அவ புண்ணுக்கு மருந்து கட்டினாப் பிறகு, பள்ளிக்கூடத்திலை விஞ்ஞானப் பாடத்துக்குக் காட்டுற இசைக்கவையைத் தட்டி, அந்த அதிர்வோடை என்ர கணுக்காலிலை வைச்சா. "அதிருதோ?" இரும்பு கிடக்கிறது தெரியுது, அதிர்வு இல்லை. முழங்காலிலை வைச்சா, அங்கையும் இல்லை. இடுப்பெலும்பிலை வைச்சாப் பிறகுதான் ரீங்கெண்டது. பேந்து என்னைக் காலைச் சேர்த்து நிக்கச் சொன்னா.

"இப்ப கண்ணை மூடுங்கோ."

நான் மாட்டன் எண்டன்.

"ஏன்?"

"மூடினால் சாமி வந்திட்டுது எண்டு சொல்லுவினம்."

அவ சிரிக்கேல்லை. எனக்குப் பின்னாலை வந்து ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிண்டா. "வரட்டும். நான் பிடிக்கிறன்" எண்டா. மூடினன். அடியோடை சாய்ஞ்சு அவவின்ரை கையிலை விழுந்தன். அவ என்னை இருத்திப்போட்டு, "இது சாமியில்லை, உங்கடை முள்ளந்தண்டு நரம்பு. கால் எங்கை இருக்கெண்டு மூளைக்குச் சொல்லுற நரம்பு பழுதாப் போச்சு. கண் அதுக்குப் பதிலா வேலை செய்யுது. கண்ணை மூடினால் ரெண்டும் இல்லை" எண்டா. நான் ஓவெண்டு அழுதன். விசரியும் இல்லை, சாமியும் இல்லை, கள்ளமும் அடிக்கேல்லை. என்னை நம்பின முதல் ஆள் என்ர பாசையே தெரியாத ஒரு பெட்டை.

என்னை அங்கையே மறிச்சுப் போட்டினம். இடுப்பெலும்பிலை தடிச்ச ஊசியை இறக்கி, எலும்பு மச்சையை உறிஞ்சி எடுத்தினம். விறைக்கப் பண்ணித்தான் குத்தினது, ஆனால் உறிஞ்சேக்கை உயிரை நூலிலை கட்டி இழுத்தமாதிரி இருந்தது. அதோடை ஒரு விசித்திரமான சோதினை. கதிரியக்கம் ஏத்தின விற்றமின் பி பன்னிரண்டைக் குளிசையாத் தந்து, ஒருநாள் முழுக்கப் போற சலத்தையெல்லாம் ஒரு பெரிய போத்தலிலை சேர்க்க வேணும். வயிறு அந்த விற்றமினை உறிஞ்சினால், மிச்சம் சலத்திலை தெரியுமாம். என்ரையிலை அனேகமா ஒண்டும் தெரியேல்லை.

ரெண்டாம் முறை அதே விற்றமினோடை இன்னொரு குளிசையும் வந்தது. டொக்டர் கட்டிலிலை இருந்துகொண்டு, "நீங்கள் மரக்கறிக்காரர், அதாலை சொல்லவேணும். இது பண்டியின்ரை வயித்திலையிருந்து எடுத்தது. வேண்டாம் எண்டால் விடலாம்" எண்டா. கேட்டு அனுமதி எடுத்தா, பாருங்கோ! நான் கந்தசஷ்டிக்குத் தண்ணியோடை கிடக்கிற ஆள். அந்தக் குளிசையை உள்ளங்கையிலை வைச்சுப் பார்த்தன். என்ர காலையும் பார்த்தன். "முருகா, நீயே பார்த்துக்கொள்" எண்டு விழுங்கிப்போட்டன். இந்த முறை சலத்திலை விற்றமின் வந்தது. பிடிபட்டுது நோய்.

சங்கதி இதுதான். வயிறு ஒரு பதார்த்தத்தைச் சுரக்குமாம். அது கை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனால்தான் அந்த விற்றமின் குடலாலை உள்ளுக்குப் போகும். என்ர உடம்பு தன்ரை வயித்தையே எதிரி எண்டு நினைச்சு, அந்தச் சுரப்பை அழிச்சுப்போட்டுது. "அப்ப நான் மச்சம் சாப்பிடாததாலை வரேல்லையோ?" எண்டு கேட்டன். "நீங்கள் குடிச்ச பாலும் தயிருமே போதும். உங்கடை வயித்துக்கு ஒரு முழு மாட்டைக் குடுத்தாலும் இந்த வருத்தம் நிண்டிராது" எண்டா. அந்த வசனத்தை நான் இங்கிலிஷிலையே பாடமாக்கி வைச்சன், அந்த வயசான டொக்டருக்கு எண்டு.

அவவுக்கு ஓய்வு கிடைச்சால் வந்திருந்து கதைப்பா. முந்தி இந்த வருத்தம் வந்தால் சாவுதானாம். பேரிலையே கொல்லுற ரத்தசோகை எண்டுதான் வைச்சிருந்தவை. பேந்து அமெரிக்காவிலை, ரத்தம் குறைஞ்ச நாய்களுக்கு ஈரல் குடுத்தால் ரத்தம் ஊறுறதைக் கண்டுபிடிச்சு, வேறை டொக்டர்மார் நோயாளியளுக்கும் நாளுக்கு அரை றாத்தல் ஈரல் தின்னக் குடுத்தினமாம். அரைவேக்காட்டிலையும் பச்சையாயும். சாகக் கிடந்தவை எழும்பி நடந்தினமாம், ஆனால் ஏனெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அப்ப ஒரு இளம் டொக்டர் யோசிச்சானாம், நான் ஈரல் தின்னாமலே நல்லாத்தானே இருக்கிறன், என்ர வயித்திலை இருக்கிற என்னமோ இவையின்ரை வயித்திலை இல்லை எண்டு. அவன் தான் இறைச்சியைத் திண்டு, கொஞ்ச நேரத்தாலை அதைச் சத்தியெடுத்து, குழாயாலை நோயாளியின்ரை வயித்துக்குள்ளை விட்டானாம். நோயாளிக்கு ரத்தம் ஊறினது. வெறும் இறைச்சி குடுத்தால் ஊறேல்லை. அப்பிடித்தான் குறை வயித்திலை எண்டு உலகத்துக்குத் தெரிஞ்சது.

"சீக்!" எண்டு வாயைப் பொத்தினன். பேந்து கிடந்து யோசிச்சன். தன்ரை வயித்துச் சத்தியையே குடுத்து முன்பின் தெரியாத நோயாளியைக் காப்பாத்தின மனுசனும் இந்த உலகத்திலை இருந்திருக்கிறான். மச்சாளின்ரை வாயிலை வந்த ஒரு வசனத்தை டொக்டருக்குக் குடுக்காத மனுசனும் இருக்கிறான்.

"நான் திரும்ப நடப்பனோ?" எண்டு கேட்டன். எனக்கு வேறை ஒரு கேள்வியும் இருக்கேல்லை.

அவ பொய் சொல்லேல்லை. "ரத்தம் கட்டாயம் தேறும். கால் எவ்வளவு தேறும் எண்டு எனக்குத் தெரியாது. விறைப்புத் துவங்கி எவ்வளவு காலம் பிந்தினதோ, அதைப் பொறுத்தது. முதல் எப்ப டொக்டரிட்டைச் சொன்னனீங்கள்?"

எப்ப சொன்னனான்? நான் சொன்னது மாரி துவங்கேக்கை. டொக்டரின்ரை காதுக்குப் போகவேயில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு திரும்பிப் படுத்தன். அத்தான், உன்ரை காலிலை புண் வரவேணும் எண்டு நான் நேரேல்லை. நீ நல்லா இருக்க வேணும், கனகாலம் இருக்க வேணும், இருந்து பார்க்க வேணும் எண்டுதான் நேர்ந்தனான்.

மருந்து ஊசிதான். வயித்தாலை போகாமல் நேரை சதைக்குள்ளை. அந்தத் தண்ணி செவ்வரத்தம்பூவைக் கசக்கினமாதிரி நல்ல சிவப்பு. முதல் ஒவ்வொரு நாளும், பேந்து கிழமைக்கு ஒண்டு, பேந்து மாசத்துக்கு ஒண்டு, அது ஆயுசுக்கும். கொஞ்ச நாளிலை நாக்கு ஆறினது. இவர் ரெயினேறி ஒரு சின்னப் போத்தலிலை மிளகாய்த்தூள் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி உருளைக்கிழங்கு மசியலிலை அதைத் தூவிச் சாப்பிட்டன். பக்கத்துக் கட்டில் சுவிஸ் கிழவி, தனக்கும் கொஞ்சம் எண்டு கேட்டு, கண்ணாலை தண்ணி வடிய வடியச் சிரிச்சா. அந்தக் கிழவிதான் பேந்து எனக்குத் தடிச்ச கம்பளிக் காலுறை பின்னித் தந்தவ.

கால்தான் ஆமை. ரெண்டு கம்பிக்கு நடுவிலை பிடிச்சுப் பிடிச்சு நடந்தன். வீட்டுக்கு வந்தாப் பிறகும் இவர் காலமையிலை என்ர சப்பாத்துக்குள்ளை கை விட்டு, கல்லுக் கில்லு கிடக்கோ எண்டு தடவிப் பார்த்துத்தான் போடத் தருவார். இப்பவும் பார்க்கிறவர். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் எண்டுறது என்ர மனுசனுக்குப் பொருந்தாது.

கண்ணை மூடிக்கொண்டு நிக்க ஏலும் எண்டு வந்த வெள்ளிக்கிழமை, நானாகவே அத்தானின்ரை அறைக்குப் போனன். சனம் விலத்தி வழி விட்டுது. ஓல்டன் அம்மாவும் வந்திருந்தா. அத்தானுக்கு முகம் மலர்ந்திட்டுது. கற்பூரத்தைக் கொளுத்தினார். நான் காலைச் சேர்த்து வைச்சு, கையைக் கூப்பி, கண்ணை மூடினன். தேவாரம் முடிஞ்சுது. நான் நிக்கிறன். ஒருத்தர் இருமினார். நான் நிக்கிறன்.

"அம்மாள் இண்டைக்கு மௌனமா இருக்கிறா" எண்டார் அத்தான்.

"அம்மாள் இறங்கீட்டா" எண்டன், என்ர சொந்தக் குரலிலை. "ஊசி குத்தினால் போயிடுவா எண்டு சொன்னனீங்கள். அந்த ஒண்டிலை நீங்கள் சொன்னது மெத்தச் சரி."

பேந்து எல்லாருக்கும் சொன்னன். நரம்பைச் சொன்னன், கொப்புளத்தைச் சொன்னன், பண்டி வயித்துக் குளிசையைச் சொன்னன், டொக்டரிட்டைச் சொல்லாமல் விட்ட வசனத்தைச் சொன்னன். ஓல்டன் அம்மாவின்ரை கையைப் பிடிச்சு, "அம்மா, உங்கடை பிள்ளையைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. நான் ஒண்டும் சொல்லேல்லை" எண்டன். அவ என்ர கையை விடாமல் பிடிச்சா. "தெரியும் பிள்ளை. ஆனால் ஆராவது ஒருத்தர் சொன்னால் போதுமெண்டு இருந்தது" எண்டா. அத்தான் கதவைத் திறந்துகொண்டு வெளியிலை போனார். அதுக்குப் பிறகு வெள்ளியிலை அங்கை அவரும் அலுமாரியும்தான்.

ஒரு மாசத்தாலை அத்தான் ஒரு பை அப்பிளோடை வந்தார். "நடந்தது நடந்திட்டுது. மறந்திடு பவளம்" எண்டார்.

"சரி அத்தான். ஒரு உதவி மட்டும் செய்யுங்கோ. இனி ஊசி இஞ்சை அந்த வயசான டொக்டரிட்டைத்தானாம். நான் போகேக்கை கதைச்சுத் தர வாங்கோ."

"அவ்வளவுதானே? வாறன், வாறன்." இவ்வளவு சுலபமா முடிஞ்சிட்டுது எண்டு அவருக்குச் சந்தோசம். ஊசி எவ்வளவு காலத்துக்கெண்டு அவர் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. ஒரு வசனம் விட்டால் என்ன குடி முழுகிப்போகுமோ?

முதல் மாசம் அந்த வயசான டொக்டருக்கு முன்னாலை நான் தமிழிலை சொன்னன். "அத்தான், மாரியிலை நான் சொன்னதை இண்டைக்குச் சொல்லுங்கோ. கால் விறைக்குது, பஞ்சு சுத்தினமாதிரி, நிக்க ஏலாமல் கிடக்கு."

அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டொக்டர் பேனையை வைச்சிட்டார். எப்ப துவங்கினது எண்டு கேட்டார். "முதல் நாளே சொன்னனான் எண்டு சொல்லுங்கோ." அதையும் சொன்னார். டொக்டரின்ரை முகம் சிவந்தது. காலைத் தொட்டுப் பார்க்காத தன்னையும் அந்தாள் நினைச்சிருக்கும். நான் பாடமாக்கி வைச்ச மாட்டு வசனத்தையும் அத்தானைக் கொண்டு டொச்சிலை சொல்லுவிச்சன். ரெண்டு ஆம்பிளையள், ஒருத்தரை ஒருத்தர் பார்க்க ஏலாமல்.

ஒவ்வொரு மாசமும் டொக்டர் என்னைக் கண்ணை மூடி நிக்கச் சொல்லுவார். "பின்னாலை பிடிக்க ஒரு ஆள் வேணும்" எண்டு அத்தானைக் காட்டுவன். அத்தான் ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு என்ர முதுகுக்குப் பின்னாலை நிப்பார். இதுக்கிடையிலை நான் மாலை வகுப்புக்குப் போய் டொச்சுப் படிச்சிட்டன். ஒருநாள் டொக்டர், "நீங்கள் நல்லாக் கதைக்கிறியள், இவர் என்னத்துக்கு?" எண்டு கேட்டார். "இவர் எனக்குச் சொந்தம். வராட்டி இவருக்கு மனம் கேளாது" எண்டு டொச்சிலை சொன்னன்.

போன மாசமும் போனம். வலக்கால் அனேகமாச் சரி. இடப் பாதத்தின்ரை முன்பாதி இன்னும் மரக்கட்டை, அது இனி வராதாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நான் இப்ப எவ்வளவு நேரமும் நிப்பன். நிண்டன். பின்னாலை அத்தானின்ரை மூச்சுக் கேட்டுது. என்ன நினைச்சனோ, வேணுமெண்டே உடம்பை விட்டுப் பின்னுக்குச் சரிஞ்சன்.

"அம்மாளே!" எண்டு குளறிக்கொண்டு பிடிச்சார்.

கண்ணைத் திறந்து அண்ணாந்து அவற்றை முகத்தைப் பார்த்தன். "அம்மாளில்லை அத்தான். நான்தான்."

ஊசி போட்டு முடிய வெளியிலை வந்தம். படியிலை வைச்சு மெல்லமாக் கேட்டார், "பவளம், இன்னும் எத்தினை மாசத்துக்கு இந்த ஊசி?"

"சாகுமட்டும்" எண்டன்.

அவர் படியிலையே நிண்டிட்டார். நான் கைபிடியைப் பிடிக்காமல் இறங்கினன்.